சோழமண்டலக் கடற்கரையில் ஐப்பசிப் பருவமும் கடற்பயணத் திட்டமிடலும் (கி.பி. 1746–1881)

ஆய்வுச் சுருக்கம்

தென்மேற்குப் பருவக்காற்று ஓய்ந்து வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் சோழமண்டலக் கடற்கரையின் கடற்பயண வரலாற்றில் தனி இடம் பெறுபவை. இயற்கைத் துறைமுகம் இல்லாத இக்கரையில், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 15 வரை சென்னைக் கோட்டையின் கொடிமரம் இறக்கப்பட்டது. அந்நாட்களில் கரையருகே வரும் கப்பல்களுக்குக் காப்பீடு செல்லாது என்னும் விதியும் நிலவியது. இந்த 2 மாதத் தடை எவ்வாறு உருவானது, 1746, 1782 ஆகிய ஆண்டுகளின் போர்களில் அது எவ்வாறு செயல்பட்டது, அதன் பாதுகாப்பு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. பருவத்தின் நிச்சயமின்மையை ஒரு தேதியாக மாற்றியது பெருவணிகத்திற்குப் பயன்பட்டது என்பதும், அரிசி ஏற்றிவந்த கரையோரக் கலங்களும் அவ்வரிசியை நம்பியிருந்த மக்களும் அத்தேதியின் காப்புக்கு வெளியே நின்றனர் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: சோழமண்டலக் கடற்கரை, வடகிழக்குப் பருவக்காற்று, ஐப்பசி, கொடிமரம், கடல் காப்பீடு, லா போர்தொனே, சென்னைத் துறைமுகம்.

முன்னுரை

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். ஆவணியும் புரட்டாசியும் கார். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். ஐரோப்பியர் இலையுதிர்காலத்தின் தொடக்கம் என்று கூறும் நாட்கள் தமிழகத்தில் காரின் முடிவிலும் கூதிரின் தொடக்கத்திலும் அமைகின்றன. குளிர் நாடுகளில் அது அறுவடை முடிந்து வானம் தெளியும் காலம். தமிழகக் கிழக்குக் கரையிலோ அதுவே பெருமழையின் வாயில். ‘ஐப்பசியில் அடைமழை’ என்னும் வழக்கு இன்றும் மக்களிடையே உள்ளது. சென்னையின் ஆண்டு மழையில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய 3 மாதங்களில் பெய்கிறது.

மேலைக் கரையிலும் கங்கைச் சமவெளியிலும் மழை ஓய்ந்து பயணம் தொடங்கும் அதே நாட்களில் கீழைக் கரையில் பயணம் நிற்கிறது. பருவக்காற்று பற்றிய பொதுவான வரலாற்று நூல்கள் இவ்வேறுபாட்டைப் புவியியல் செய்தியாகக் குறித்துவிட்டுக் கடந்துவிடுவதே பெரும்பான்மை. அவ்வேறுபாடு கப்பல் தலைவர்களின் முடிவுகளையும், காப்பீட்டு விதிகளையும், நகரங்களின் உணவு வரத்தையும் எவ்வாறு வடிவமைத்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

காற்றை அறிந்த கடலோடிகள்

காற்றின் திசைமாற்றத்தைக் கொண்டு பயணத்தைத் திட்டமிடுதல் இந்தியப் பெருங்கடலில் ஐரோப்பியர் வருகைக்கு மிகவும் முற்பட்டது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் வங்கத்தின் தாமிரலிப்தியிலிருந்து குளிர்காலத் தொடக்கத்தின் காற்றைத் துணைகொண்டு 14 நாட்களில் இலங்கையை அடைந்ததாகக் குறித்துள்ளார். 15ஆம் நூற்றாண்டின் அராபிய மாலுமி இப்னு மாஜித் தம் கடல்நூலில் ஒவ்வொரு துறைக்கும் புறப்பட ஏற்ற நாட்களை விரிவாக வகுத்துள்ளார். பருவத்தைக் குறிக்கும் ‘மௌசிம்’ என்னும் அரபுச் சொல்லே ஐரோப்பிய மொழிகளில் பருவக்காற்றின் பெயராயிற்று.

தமிழிலும் திசைதோறும் காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. தெற்கிலிருந்து வருவது தென்றல். கடலோரத்தில் சோழகம், கச்சான் ஆகிய பெயர்களும் வழங்குகின்றன. தெற்கிலிருந்து வீசும் காற்று தளர்ந்து வாடை தலைகாட்டும் இடைவெளியே ஐப்பசித் தொடக்கம். காற்றோடு கரையோர நீரோட்டமும் திரும்புகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காகச் செல்வதால், தெற்கேயுள்ள பாய்க்கப்பல் ஒன்று சென்னையை நோக்கி மேலேறுவது பெரும் பாடாகிவிடும்.

நாகப்பட்டினம், பரங்கிப்பேட்டை முதலிய துறைகளிலிருந்து அச்சே, கெடா, மலாக்கா ஆகிய இடங்களுக்குச் சென்ற கலங்களுக்குத் தென்மேற்குக் காற்று போக்குக்கும், புயற்பருவம் கடந்த வடகிழக்குக் காற்று மீட்சிக்கும் துணையாயின. புரட்டாசியில் புறப்படத் தவறியவர் தை வரை காத்திருக்க நேரும். ஆகவே சரக்கு வாங்குதல், நெசவாளர்க்கு முன்பணம் தருதல், கடன் பெறுதல் ஆகிய அனைத்தும் இந்தக் காற்று நாட்காட்டியை ஒட்டியே நிகழ வேண்டியிருந்தது.

திறந்த கடலே துறையாக

கிருஷ்ணை முகத்துவாரம் முதல் கோடியக்கரை வரை பெருங்கப்பல்கள் புகலிடம் கொள்ளத்தக்க இயற்கைத் துறைமுகம் எதுவும் இல்லை. பழவேற்காடு, சென்னை, புதுச்சேரி, கடலூர், தரங்கம்பாடி, நாகப்பட்டினம் ஆகிய அனைத்தும் திறந்த கடலில் நங்கூரமிடும் இடங்களே. ஆற்றுமுகங்கள் மணல்மேடுகளால் அடைபட்டுச் சிறு தோணிகளுக்கு மட்டுமே வழிவிட்டன.

சென்னையில் கப்பல்கள் கரைக்கு வெளியே ஆழமான நீரில் நின்றன. அங்கிருந்து கரைக்கு வர, அலைமோதும் பகுதியைக் கடக்க வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களின் படகுகளால் அது இயலாது. ஆணி இன்றிப் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் ஏற்றி இறக்கின. தைத்த பலகைகள் அலையின் தாக்குதலுக்கு நெகிழ்ந்து கொடுத்தமையால் அவை உடையாது தாங்கின. அவையும் செல்ல இயலாத நாட்களில் கட்டுமரக்காரர்கள் கடிதங்களை எடுத்துச் சென்றனர். இக்கரையின் கடல் வணிகம் முழுவதும் இப்படகோட்டிகளின் திறனையே சார்ந்திருந்தது.

வங்கக் கடலில் புயல் கிழக்கிலிருந்து கரையை நெருங்கும்போது, கரையில் முதலில் வடக்கு, வடமேற்குக் காற்று வீசும். அப்போதே நங்கூரக் கயிற்றை அறுத்துக் கடலுக்குள் விலகிவிடும் கப்பலுக்குப் பிழைக்க வாய்ப்புண்டு. காற்று வடகிழக்காகவோ கிழக்காகவோ திரும்பிவிட்டால் கப்பல் கரையை நோக்கித் தள்ளப்படும், மீள வழியில்லை. தலைவனும் மாலுமிகளிற் பலரும் கரையிலும், சரக்கு பாதி கப்பலிலும் பாதி படகிலுமாக இருக்கும் வேளையில் இம்முடிவை எடுப்பது எளிதன்று. ஒவ்வொரு கப்பலும் தனித்தனியே எடுக்க வேண்டிய இந்த இடர்மிக்க முடிவை முன்கூட்டியே ஒரு தேதியால் தீர்த்துவைக்கும் முயற்சியாகவே பின்வரும் ஏற்பாட்டைக் கருத வேண்டும்.

கொடிமரமும் காப்பீடும்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கீழைநாட்டு வணிகம் பற்றி நூல் எழுதிய வில்லியம் மில்பர்ன் இந்த ஏற்பாட்டைத் தெளிவாகப் பதிவு செய்துள்ளார். அதன்படி, சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் கொடிமரம் அக்டோபர் 15இல் இறக்கப்படும்; டிசம்பர் 15இலேயே மீண்டும் நிறுத்தப்படும். இந்த இரு தேதிகளுக்கும் இடையில் ஒரு கப்பல் சென்னைக் கடலுக்குள் வந்தாலோ, சோழமண்டலக் கரையின் ஆழமறி எல்லைக்குள் நுழைந்தாலோ அதன் காப்பீடு செல்லாததாகிவிடும். இந்தியாவில் இயங்கிய காப்பீட்டு அலுவலகங்கள் அனைத்தும் தம் ஒப்பந்தங்களில் இவ்விதியைச் சேர்த்திருந்தன. இதன் பொருட்டுச் சோழமண்டலக் கரை என்பது ஒடிசாவின் பாமிராஸ் முனை முதல் இலங்கை வரை எனக் கணக்கிடப்பட்டது.

இவ்வேற்பாட்டில் இரு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, கொடிமரம் இறங்குதல் கடலிலிருப்போர் கண்ணுக்குப் புலப்படும் அறிவிப்பு. கொடி இல்லாத கோட்டை, துறை மூடப்பட்டதைத் தொலைவிலேயே உணர்த்தியது. இரண்டாவது, தடையை நடைமுறைப்படுத்தியது படையோ சட்டமோ அன்று, காப்பீட்டு ஒப்பந்தமே. தடையை மீறிய கப்பலை எவரும் சிறைப்பிடிக்கவில்லை. இழப்பு நேர்ந்தால் ஈடு கிடைக்காது என்பதே தண்டனை. காப்பீடு செய்த உரிமையாளருக்கு இது வலிய தடை. காப்பீடே செய்யாதவருக்கு இது தடையே அன்று. இவ்வேறுபாட்டின் விளைவு 1782இல் வெளிப்பட்டது.

1746: ஓர் அட்டவணையின் தோல்வி

மொரீஷியஸ் தீவின் ஆளுநர் லா போர்தொனே தலைமையிலான பிரெஞ்சுக் கப்பற்படை 1746 செப்டம்பர் 21இல் சென்னையைக் கைப்பற்றியது. 11 இலட்சம் வராகன் மீட்புத்தொகை பெற்றுக்கொண்டு நகரை ஆங்கிலேயரிடமே ஒப்படைப்பது அவரது எண்ணம். புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸ் அதனை ஏற்கவில்லை. நகரம் பிரெஞ்சுக்காரர் வசமே இருக்க வேண்டும் என்றார். இருவருக்கும் இடையே வாரக்கணக்கில் கடிதப் போர் நடந்தது.

இப்பூசலை அதிகாரப் போட்டியாக மட்டுமே காண்பது வழக்கம். அதற்கு ஒரு பருவக்கணக்கும் உண்டு. அக்டோபர் நடுப்பகுதிக்குள் கரையை விட்டகல வேண்டும் என்பதை லா போர்தொனே அறிந்திருந்தார். அவருடைய பேச்சுவார்த்தை முழுவதையும் அந்த நாளே நெருக்கியது. கரையில் நிலையாக இருந்த துய்ப்ளேக்ஸுக்கு அத்தகைய நெருக்கடி இல்லை. காலம் கடந்தால் கப்பற்படையின் தலைவர் போயே ஆக வேண்டும், நகரமோ அங்கேயே இருக்கும். காத்திருத்தல் ஒருவருக்கு இழப்பாகவும் மற்றவருக்கு ஆதாயமாகவும் அமைந்தது.

அக்டோபர் 13ஆம் நாள் இரவு வீசத் தொடங்கிய புயல் இந்தச் சமன்பாட்டை முடித்துவைத்தது. சென்னைக் கடலில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களில் சில மூழ்கின. எஞ்சியவை பாய்மரங்களை இழந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். லா போர்தொனே நகரைப் புதுச்சேரியின் பொறுப்பில் விட்டு அக்டோபர் 23இல் புறப்பட்டார். அவர் விட்டுச்சென்ற வீரர்கள் துய்ப்ளேக்ஸின் படைக்கு வலுவூட்டினர். சில நாட்களிலேயே அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் படை தோற்றது. சென்னை 1749 வரை பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தது. இந்நாட்களின் புதுச்சேரி நிகழ்வுகளை அறிய ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் கிடைக்கும் முதன்மைச் சான்றாகும். கப்பல்களின் வருகையும் புறப்பாடும் அதில் தொடர்ந்து இடம்பெறுகின்றன.

இங்குத் தேதிகளைக் கையாள்வதில் ஒரு கவனம் தேவை. 1752 வரை ஆங்கிலேயர் பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றினர். பிரெஞ்சுக்காரர் கிரகோரியன் நாட்காட்டியைக் கையாண்டனர். இரண்டுக்கும் 11 நாள் வேறுபாடு. ஆங்கில ஆவணங்களில் இப்புயல் அக்டோபர் 2ஆம் நாளுக்குரியது. அத்தேதியை அப்படியே எடுத்துக்கொண்டால், புயல் வழக்கத்துக்கு மாறாக முன்கூட்டியே வந்ததாகவும் லா போர்தொனே எதிர்பாராத விபத்துக்கு ஆளானதாகவும் தோன்றும். உண்மையில் பிற்காலக் கொடிமரத் தேதியான அக்டோபர் 15க்கும் இப்புயலுக்கும் இடைவெளி 2 நாள் மட்டுமே. அவர் அறியாமையால் சிக்கவில்லை. அறிந்த எல்லையின் விளிம்புவரை காத்திருந்து சிக்கினார்.

1782: கப்பற்படையும் அரிசிக் கலங்களும்

ஹைதர் அலி 1780 ஜூலையில் கர்நாடகப் பகுதிக்குள் நுழைந்தபின் சென்னையைச் சுற்றிய ஊர்கள் பாழாயின. வயல்கள் விளையவில்லை, மக்கள் நகருக்குள் அடைக்கலம் புகுந்தனர். நகரின் உணவு கடல்வழி வரும் அரிசியையே பெரிதும் சார்ந்தது. 1782 ஆகஸ்டு இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் திரிகோணமலையைக் கைப்பற்றினார். வடகிழக்குப் பருவக்காற்றிலிருந்து ஒதுங்கத்தக்க அருகிலுள்ள இயற்கைத் துறைமுகம் அதுவே. அதை இழந்ததால், ஆங்கிலக் கப்பற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் ஐப்பசியில் ஒதுங்கப் பம்பாய்வரை செல்ல வேண்டியதாயிற்று.

சென்னை ஆளுநர் மெக்கார்ட்னி கப்பற்படை கரையை விட்டுச் செல்லக்கூடாது என வேண்டினார். நகரைக் காக்க வேண்டும் என்பது அவர் நிலை. பழுதுபட்ட கப்பல்களைத் திறந்த கடலில் வைத்துப் புயலுக்கு இரையாக்க இயலாது என்பது ஹியூஸின் நிலை. இரண்டும் நியாயமான நிலைகளே. அக்டோபர் 15ஆம் நாள் புயல் குறிகளைக் கண்டு ஹியூஸின் கப்பல்கள் கடலுக்குள் விலகின. அவை பழுதுற்ற நிலையில் டிசம்பரில் பம்பாயை அடைந்தன. அவர் சென்ற 4 நாட்களில் இங்கிலாந்திலிருந்து துணைக்கப்பல்களுடன் சென்னை வந்த ரிச்சர்ட் பிக்கர்டன், அவரைக் காணாது தாமும் பம்பாய் சென்றார். சுஃப்ரென் அச்சேயில் ஒதுங்கினார். போரிட்ட இரு கடற்படைகளும் ஒரே காரணத்தால் ஒரே காலத்தில் களத்தை விட்டகன்றன.

கடற்படை விலகிக்கொண்டது, அரிசிக் கலங்கள் விலக இயலவில்லை. சென்னைக் கடலில் நின்ற அவற்றுட் பல அதே புயலில் கரையில் மோதிச் சிதைந்தன. அவற்றின் அரிசியை நம்பியிருந்த நகரில் பஞ்சம் கடுமையுற்று, மக்கள் பெருந்தொகையாக மாண்டனர்.

தேதி குறிக்கப்பட்ட பருவத்தில் அரிசிக் கலங்கள் ஏன் அங்கு நின்றன என்னும் வினா எழுகிறது. அதற்குப் போர் மட்டும் காரணமன்று. தஞ்சைப் பகுதியின் சம்பா நெல் தை மாதத்திலேயே அறுவடையாகும். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் முந்தைய விளைச்சல் தீர்ந்து புதிய விளைச்சல் வராத இடைவெளி. அரிசி விலை உயரும் காலம். கடல் மிக இடர்மிக்கதாக இருக்கும் அதே மாதங்களில்தான் கடல்வழி அரிசியின் தேவையும் மிகுந்தது. துணியும் வெள்ளியும் ஏற்றிய பெருங்கப்பல் 2 மாதம் காத்திருக்கலாம். பசித்த நகரம் காத்திருக்க இயலாது.

தேதியின் வரம்பு

பருவம் தேதிக்குக் கட்டுப்படுவதில்லை என்பதற்கும் சான்றுகள் உண்டு. புதுச்சேரியை ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது 1761 சனவரி 1இல் வீசிய புயல் அங்கு நின்ற ஆங்கிலக் கப்பல்கள் பலவற்றை அழித்தது. டிசம்பர் 15 எனும் எல்லை கடந்து 2 வாரங்களுக்குப் பின் நிகழ்ந்தது இது. 1749 ஏப்ரலில் கடலூர், பரங்கிப்பேட்டைக் கரையருகே ஆங்கிலப் போர்க்கப்பல் ‘நாமூர்’ நூற்றுக்கணக்கானோருடன் மூழ்கியது. வங்கக் கடலில் சித்திரையை ஒட்டியும் ஒரு புயற்பருவம் உண்டு என்பதைக் காப்பீட்டுத் தேதிகள் கணக்கில் கொள்ளவில்லை.

தேதி, இடரின் முழு அளவீடன்று. இடர் மிகுந்த நாட்களைக் குறித்த ஒரு வணிக உடன்பாடு. அதன் பயன் துல்லியத்தில் இல்லை, உறுதியில் இருந்தது. எந்நாளில் துறை மூடும் என்பதை உரிமையாளரும், கடன் கொடுத்தவரும், கப்பல் தலைவரும் ஒரே வகையில் அறிந்திருந்தனர். மீனவரின் அறிவோ வேறு வகையினது. அது வானத்தின் நிறம், அலையின் நீளம், காற்றின் திருப்பம் ஆகியவற்றை அன்றன்று கண்டு முடிவெடுப்பது. இவ்விரண்டில் ஒன்றே ஒப்பந்தத்தில் எழுதத்தக்கதாக இருந்தது.

கொடிமரத்திலிருந்து எச்சரிக்கைக் கூண்டுக்கு

19ஆம் நூற்றாண்டில் 3 மாற்றங்கள் இந்த ஏற்பாட்டின் அடிப்படையைத் தளர்த்தின. முதலாவது, நீராவிக் கப்பல். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் எதிராகச் செல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது. இரண்டாவது, வானிலையியல். சென்னை வானாய்வகத்தில் 1796 முதல் வானிலைப் பதிவுகள் எடுக்கப்பட்டன. கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் வங்கக் கடற்புயல்களின் சுழல் இயல்பை ஆராய்ந்து, ‘சைக்ளோன்’ என்னும் சொல்லை வழக்குக்குக் கொணர்ந்தார். 1864ஆம் ஆண்டின் பேரழிவுப் புயலை அடுத்து 1865இல் கல்கத்தாத் துறைக்குப் புயல் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. தந்தி இணைந்தபின், ‘எந்த மாதம்’ என்னும் வினா ‘எந்த நாள்’ என்பதாகச் சுருங்கியது.

மூன்றாவது, செயற்கைத் துறைமுகம். சென்னையில் அதற்கான அடிக்கல் 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசரால் நாட்டப்பட்டது. கடலுக்குள் இரு சுவர்கள் எழுப்பி அவற்றின் இடையே அமைதியான நீர்ப்பரப்பை உருவாக்குவதே திட்டம். பணி நிறைவை நெருங்கிய வேளையில், 1881 நவம்பரில், கொடிமரம் இறங்கியிருக்க வேண்டிய அதே மாதங்களுக்குள், புயல் வீசிச் சுவர்களின் பெரும்பகுதியைத் தகர்த்தது. துறைமுகம் மீண்டும் கட்டப்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதன் கிழக்கு வாயில் அடைக்கப்பட்டு வடகிழக்கில் புதிய வாயில் அமைந்தது. மேற்குக் கரைக்கோ இலங்கைக்கோ ஓடிய கப்பல்களுக்கு அதன்பிறகே சோழமண்டலத்திலேயே தங்குமிடம் கிடைத்தது.

இன்று துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு 1 முதல் 11 வரை எண் கொண்டது. கொடிமரம் 2 மாதத்திற்கு ஒருமுறை பேசியது. கூண்டு புயலுக்குப் புயல் பேசுகிறது. கூண்டின் அறிவிப்பு காப்பீடு பெற்ற கப்பலுக்கு மட்டும் உரியதன்று. கட்டுமரக்காரருக்கும் அதுவே அறிவிப்பு.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. சோழமண்டலக் கரையின் ஐப்பசித் தடை, இயற்கைத் துறைமுகம் இன்மை, காற்றும் நீரோட்டமும் திரும்புதல், புயற்பருவம் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்ததன் விளைவு.

2. அக்டோபர் 15, டிசம்பர் 15 ஆகிய தேதிகளுக்கு வலிமை தந்தது காப்பீட்டு ஒப்பந்தம். ஆகவே அவற்றின் காப்பு, காப்பீடு செய்தவர் அளவிலேயே நின்றது.

3. 1746இன் நிகழ்வுகளில் பருவம் பின்னணி மட்டுமன்று. அது பேச்சுவார்த்தையின் காலக்கெடுவாகவே செயல்பட்டது. நாட்காட்டி வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாவிடில் இவ்வுண்மை மறைந்துவிடும்.

4. 1782இன் இழப்பு, பயணத்தைத் தள்ளிவைக்கும் வாய்ப்பு அனைவருக்கும் சமமாக இல்லை என்பதைக் காட்டுகிறது. அறுவடைக்கு முந்தைய பற்றாக்குறையும் புயற்பருவமும் ஒரே மாதங்களில் அமைந்தமை கரையோர அரிசி வணிகத்தை இடருக்குள்ளேயே நிறுத்தியது.

கப்பற்படைகளின் குறிப்பேடுகள் விரிவாக ஆராயப்பட்ட அளவுக்குக் கரையோரத் தோணிகளின் வரலாறு ஆராயப்படவில்லை. நெல் விலைப் பதிவுகளையும் துறைக் கணக்குகளையும் பருவ நாட்காட்டியோடு இணைத்துக் காணும் ஆய்வுகள் பெருகுமாயின், ஐப்பசிக் கடலில் துணிந்து சென்றோரின் வரலாறு துலங்கும்.